ஷட்டர் போனா கூரையும் போகும்: புயலும் கடை, குடோன், ஆபீஸ் கட்டடங்களும் – வாசகர் கேள்வி பதில்

புயல் சீசனுக்கு முன்னாடி கடை, குடோன், ஆபீஸ் கட்டடத்தை எப்படித் தயார் பண்றதுன்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தை வேற வேற மாதிரி கேட்டிருந்ததால சிலதைச் சேர்த்து ஒண்ணாக்கியிருக்கேன், உங்க கேள்வி அப்படியே இல்லைன்னா அதுதான் காரணம்.

கேள்வி: கடை முன்பக்கம் 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்கு ஒரே ரோலிங் ஷட்டர். ரெண்டு பக்கமும் பூட்டு இருக்கு, நடுவுலயும் ஒண்ணு போட்டுட்டா புயலுக்குத் தாங்கும்ல?
– ஒரு கடை உரிமையாளர்

பதில்: பூட்டு திருடனுக்குத்தான், காத்துக்கு இல்ல. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தர்ற அழுத்தம் நாலு மடங்காகும், இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். மணிக்கு 100 கி.மீ. காத்துல ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 47 கிலோ அழுத்தம், 200 கி.மீ.ன்னா 190 கிலோகிட்ட வந்துடும். உங்க ஷட்டர் 12 சதுர மீட்டர், மணிக்கு 150 கி.மீ. காத்துக்கு சுமார் 1,300 கிலோ தள்ளுதுன்னு வெச்சுக்கோங்க. அந்த பாரம் முழுக்க ரெண்டு ஓரத்துலயும் ஷட்டர் ஏறி இறங்கற இரும்புத் தடம், அதாவது கைடு சேனல், வழியாத்தான் சுவருக்குப் போகணும், ஷட்டர் நடுவுல வளைய வளைய அதோட ஓரம் சேனலை விட்டு உருவிட்டு வெளிய வரும். ஒரு பக்கம் உருவிட்டா கதை முடிஞ்சது.

அதனால பார்க்க வேண்டியது சேனல் எவ்வளவு ஆழம், அது சுவத்துல எத்தனை ஆங்கர் போல்ட்ல நிக்குது, போல்ட் போட்ட இடம் கான்கிரீட்டா இல்ல வெறும் பூச்சா, ஷட்டர் பட்டை ஓரத்துல சேனலை விட்டு நழுவாம பிடிக்கிற விண்ட் லாக் இருக்கா, இவ்வளவுதான். அகலமான ஷட்டர்னா நடுவுல கழட்டி மாட்டற மாதிரி ஒரு இரும்பு போஸ்ட், கீழ தரையில சாக்கெட், மேல பீம்ல பிடிப்பு வெச்சுக்கோங்க. நடுவுல ஒரு தாங்கல் வந்துட்டா ஷட்டர் வளையறது ரொம்பக் குறைஞ்சுடும்.

ஷட்டருக்கு எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா, அது போனா கடைக்குள்ள சரக்கு நனையறதோட நிக்காது. காத்து உள்ள புகுந்ததும் உள்பக்கமிருந்து கூரையை மேல தள்ளும், அதே நேரம் வெளிய கூரை மேல ஓடற காத்து அதை மேல உறிஞ்சும், ரெண்டும் சேர்ந்தா தனியா நின்னிருந்தா தாங்கியிருக்க வேண்டிய கூரை கூட பிடுங்கிக்கிட்டுப் போயிடும். 1992-ல ஃப்ளோரிடாவை ஆண்ட்ரூ சூறாவளி அடிச்சப்போ பெரிய கேரேஜ் கதவு உள்ள சாஞ்சு அதனாலயே கூரை போன வீடுகளை, சேதத்தை ஆராயப் போன இன்ஜினியர்கள் நிறைய பார்த்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க கட்டட விதிகளே ரொம்பக் கடுமையாச்சு.

இன்னொண்ணு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா அழுத்தம் சமமாகும்னு சில பேர் இன்னும் நம்பறாங்க. தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க, அது நாமே காத்தை உள்ள கூப்பிடற மாதிரி.

கேள்வி: எங்க ஆபீஸ் முன்பக்கம் பூரா கண்ணாடி. குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டினா உடையாதுன்னு சொல்றாங்க, டஃபன்ட் கிளாஸ் (சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி) வேற போட்டிருக்கோம். போதுமா?
– ஒரு ஆபீஸ் நிர்வாகி

பதில்: டேப் ஒட்டறது வீண் வேலை, கண்ணாடியோட பலம் அதுல துளி கூட கூடாது. பாதகம் என்னன்னா, உடைஞ்சா சின்னத் துண்டா விழ வேண்டியது டேப்போட சேர்ந்து பெரிய பெரிய துண்டா பறந்து வரும், அது இன்னும் ஆபத்து. அந்த ஒரு மணி நேரத்தை வேற வேலைக்கு வெச்சுக்கோங்க.

டஃபன்ட் கிளாஸ் நல்ல கண்ணாடிதான், ஆனா அது உடைஞ்சா மொத்தமா பொடிப்பொடியா கொட்டிடும், அப்போ ஆளுக்குக் காயம் குறைவு, ஆனா கட்டடத்துக்கு ஒரு பெரிய ஓட்டை விழுந்துடும், மேல ஷட்டருக்குச் சொன்ன அதே கதைதான். லேமினேட்டட் கிளாஸ்னா நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும், கண்ணாடி விரிசல் விட்டாலும் அந்தப் படலம் பிடிச்சுக்கிட்டு ஃபிரேம்லயே நிக்கும். புயல் வர்ற இடத்துல அதுதான் வேணும். ஃப்ளோரிடாவுல இதுக்கு வெச்சிருக்கிற டெஸ்டைக் கேளுங்க, சுமார் 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்துல கண்ணாடி மேல அடிப்பாங்க, அது தாங்கினா மட்டும் விட்டுட மாட்டாங்க, அதுக்கப்புறம் 9,000 தடவை உள்ள வெளிய மாத்தி மாத்தி அழுத்தம் கொடுப்பாங்க, கடைசில ஓட்டை விழாம இருந்தாத்தான் பாஸ்.

உடனே மாத்த முடியாதுன்னா மடக்கற ஸ்டார்ம் ஷட்டர், இல்லன்னா 15 மி.மீ.க்குக் குறையாத பிளைவுட். பிளைவுட்னா இப்பவே அளவுக்கு அறுத்து, துளை போட்டு, எது எந்த ஜன்னலுக்குன்னு நம்பர் எழுதி, சுவத்துல ஆங்கரும் பதிச்சு வெச்சிடுங்க. எச்சரிக்கை வந்ததுக்கப்புறம் கடைக்குப் போனா பிளைவுட்டும் இருக்காது கார்பென்டரும் கிடைக்க மாட்டார்.

கண்ணாடி பெரும்பாலும் வெறும் காத்துல உடையறது இல்ல, பறந்து வர்ற பொருள் பட்டுத்தான் உடையுது. 1983-ல அலிசியா சூறாவளியில ஹூஸ்டன் நகர மையத்துல உயரமான கட்டடங்கள் கண்ணாடி எல்லாம் நொறுங்குச்சு, அதுக்கு ஒரு முக்கியமான காரணம் பக்கத்துக் கட்டடங்களோட மொட்டைமாடியில பரப்பியிருந்த ஜல்லி. அதனால உங்க மாடியில கிடக்கிற ஜல்லி, செங்கல், உடைஞ்ச டைல்ஸ், பழைய போர்டு ஃபிரேம் எல்லாத்தையும் கீழ இறக்குங்க, பக்கத்துக் கட்டடக்காரர்கிட்டயும் பேசுங்க. அவர் மாடி குப்பைதான் உங்க கண்ணாடியில வந்து விழப்போகுது.

கேள்வி: தகர ஷீட் போட்ட குடோன், கட்டி பல வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் சின்னச் சின்ன புயலுக்கு ஒண்ணும் ஆகல. அப்போ பெரிய புயலுக்கும் தாங்கும்னு எடுத்துக்கலாமா?
– குடோன் மேனேஜர்

பதில்: எடுத்துக்கக் கூடாது. தகரக் கூரையில ஒவ்வொரு காத்தும் ஒரு கணக்கை விட்டுட்டுப் போகுது. காத்து ஒரே சீரா தள்ளறது இல்ல, விட்டு விட்டு அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் ஷீட் மேல எழும்பி கீழ இறங்கும், அப்படி ஆயிரக்கணக்கான தடவை ஆனதும் ஸ்க்ரூ தலையைச் சுத்தி ஷீட்டுல மயிரிழை மாதிரி வெடிப்பு வரும், ஒரு நாள் ஸ்க்ரூ அப்படியே இருக்கும் ஷீட் மட்டும் கிழிச்சுக்கிட்டுப் பறந்துடும். 1974 கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஆஸ்திரேலியாவுல டார்வின் நகரத்தை ட்ரேசி புயல் அடிச்சப்போ நடந்தது இதுதான், ஒரே ராத்திரியில அந்த ஊர் வீடுகள்ல பெரும்பகுதி போச்சு, காரணத்தைத் தேடினப்போ ஷீட்டுல ஸ்க்ரூவைச் சுத்தி வந்த இந்தக் களைப்பு வெடிப்பு பெரிய பங்குன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் அங்க ஷீட்டையும் ஸ்க்ரூவையும் திரும்பத் திரும்ப தூக்கி இறக்கி டெஸ்ட் பண்ற வழக்கம் வந்துச்சு.

நீங்க பண்ண வேண்டியது, வெயில் நல்லா இருக்கிற நாள்ல ஒரு நல்ல ஃபிட்டரை சேஃப்டி பெல்ட்டோட மேல ஏத்தி ஒவ்வொரு வரிசையாப் பார்க்கச் சொல்லுங்க. துரு பிடிச்ச ஸ்க்ரூ, ரப்பர் வாஷர் காஞ்சு போனது, துளை பெருசானது, வெடிப்பு விட்டது எல்லாத்துக்கும் சாக்பீஸ்ல குறி போட்டு மாத்திடணும். கூரை ஓரத்துலயும் மூலையிலயும் காத்து உறிஞ்சற சக்தி நடுவுல இருக்கிறதை விட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கும், அதனால அங்க ஸ்க்ரூ நெருக்கமா இருக்கணும், பழைய குடோன்ல எல்லா இடத்துலயும் ஒரே இடைவெளியில அடிச்சிருப்பாங்க. ஓரத்துத் தகடு, அதாவது ஃபிளாஷிங், அது தளர்ந்து கிடந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க, ஏன்னா பெரும்பாலான கூரை அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்குது.

ஷீட்டு மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. ஷீட்டை பர்லின், அதாவது அதுக்கு அடியில குறுக்கா ஓடற இரும்புச் சட்டம், பிடிச்சிருக்கு, பர்லினை டிரஸ், அதாவது முக்கோணக் கூரைச் சட்டம், டிரஸ்ஸை தூண், தூணை அஸ்திவார போல்ட். இதுல எந்த ஒரு இடம் பலவீனமோ அந்த இடத்துலதான் பிரியும், மத்த எல்லாம் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. பர்லின் ஒரு சின்ன வெல்டிங் புள்ளியில நிக்கிற குடோன்கள் ஏராளம், நல்ல ஸ்க்ரூ போட்டா ஷீட்டோட சேர்ந்து பர்லினும் போகும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து அந்த இணைப்புகளை ஒரு தடவை காட்டிடுங்க.

கேள்வி: தம்பி, எங்களது கான்கிரீட் கட்டடம், மூணு மாடி, கீழ கடைகள். கான்கிரீட்டை காத்து ஒண்ணும் பண்ணாதுன்னு நான் நிம்மதியா இருக்கேன். சரிதானே?
– மூத்த வாசகர் ஒருவர்

பதில்: ஐயா, காத்து விஷயத்துல நீங்க நிம்மதியா இருக்கலாம், தண்ணி விஷயத்துல இருக்க முடியாது. 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியில 100 மி.மீ. மழை பெய்ஞ்சா அது 1 லட்சம் லிட்டர். மழைத்தண்ணி குழாய் வாய்ல ரெண்டு இலையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் அடைச்சாப் போதும், கைப்பிடிச் சுவருக்குள்ள தண்ணி நிக்க ஆரம்பிச்சிடும். 100 சதுர மீட்டர்ல 15 செ.மீ. நின்னா 15 டன், அது யாரும் கணக்குல எடுக்காத பாரம். குழாயை சுத்தம் பண்றதோட, கைப்பிடிச் சுவத்துல தரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ரெண்டு மூணு இடத்துல ஓவர்ஃப்ளோ ஓட்டை விடச் சொல்லுங்க, குழாய் அடைச்சாலும் தண்ணி வெளிய கொட்டிடும்.

மாடியில இருக்கிற பிளாஸ்டிக் தண்ணி டேங்க் காலியா இருந்தா பறந்துடும், நிரப்பி வெச்சா அசையாது, புயலுக்கப்புறம் அந்தத் தண்ணியும் உதவும். ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் வெறுமனே ஸ்டாண்டுல உட்கார்ந்திருக்கா இல்ல போல்ட் போட்டிருக்கான்னு கையால அசைச்சுப் பாருங்க. சோலார் பேனல் இருந்தா கிளாம்ப் முறுக்கைச் சரி பாக்கணும். ஃப்ளெக்ஸ் போர்டு இருந்தா துணியைக் கழட்டிட்டு ஃபிரேமை மட்டும் விடுங்க, காத்து புகுந்து போயிடும்.

கேள்வி: நான் வாடகைக்கு கடை நடத்தறேன். இதெல்லாம் ஓனர் செய்யணுமா நான் செய்யணுமா?
– ஒரு வாசகி

பதில்: அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கோ அதுதான், அதனால இன்னைக்கே எடுத்துப் படிங்க. பொதுவா கூரை, சுவர், வடிகால் ஓனர் பொறுப்பாவும், உள்ள இருக்கிற சரக்கு, நீங்க மாட்டின போர்டு உங்க பொறுப்பாவும் இருக்கும். ஷட்டர்தான் பல இடத்துல யாருதுன்னே எழுதாம விட்டிருப்பாங்க. குறை எதுவா இருந்தாலும் போட்டோவோட ஓனருக்கு எழுத்துல அனுப்பி வெச்சிடுங்க, வாய்ல சொன்னது பின்னாடி நிக்காது.

கேள்வி: எங்க கட்டடத்துல ஜெனரேட்டரை மேல் மாடியிலதான் வெச்சிருக்கோம். மெயின் பேனல், டீசல் டேங்க், பம்ப் எல்லாம் பேஸ்மென்ட்ல. வெள்ளம் வந்தாலும் கரன்ட் கிடைக்கும்ல?
– ஃபெசிலிட்டி மேனேஜர்

பதில்: கிடைக்காது, இதுக்கு உலகம் பார்த்த உதாரணமே இருக்கு. 2012-ல சாண்டி புயல் அடிச்சப்போ நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில ஜெனரேட்டர் 13-வது மாடியில பத்திரமா இருந்துச்சு, ஆனா அதுக்கு எண்ணெய் ஏத்தற பம்ப் பேஸ்மென்ட்ல மூழ்கிடுச்சு. மாடிப்படியில ஆளுங்க வரிசையா நின்னு கை மாத்தி கை மாத்தி எரிபொருளைத் தூக்கிட்டுப் போய் ஓட்டினாங்க, கடைசில நோயாளிகளை வெளியேத்த வேண்டியதாச்சு. ஜெனரேட்டர் எங்க இருக்குங்கிறது மட்டும் போதாது, எண்ணெய், பம்ப், அதோட கன்ட்ரோல், கேபிள், மாத்தற ஸ்விட்ச், இதுல எது ஒண்ணு தண்ணி மட்டத்துக்குக் கீழ இருந்தாலும் மொத்தமும் நின்னுடும்.

பேனலை மேல மாத்த முடிஞ்சா அதைவிட நல்லது எதுவும் இல்ல. முடியலன்னா பேஸ்மென்ட் சாய்வு வழியில மாட்டற வெள்ளத் தடுப்புப் பலகை, சுவத்துல கேபிள் நுழையற துளைகளை அடைக்கிறது, தண்ணி திரும்பி வராம இருக்க சாக்கடை லைன்ல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. இந்தக் கடைசி விஷயத்தை நிறைய பேர் மறந்துடறாங்க, வாசல்ல மணல் மூட்டை அடுக்கியிருப்பாங்க, தண்ணி பாத்ரூம் வழியா வந்திருக்கும். தண்ணி வெளியேத்தற சம்ப் பம்ப்புக்குத் தனி பேக்கப் கரன்ட் வேணும். மண்ணுக்குள்ள புதைச்ச டேங்கைக் காலியா விடாதீங்க, நிலத்தடி நீர் ஏறினா காலி டேங்க் மிதந்து தரையைப் பிளந்துக்கிட்டு மேல வந்துடும். லிஃப்ட்டை மேல் மாடியில நிறுத்தி கரன்டை ஆஃப் பண்ணிடுங்க, கீழ விட்டா குழியில தேங்கற தண்ணியில கேபின் நனைஞ்சு வீணாப் போகும்.

கேள்வி: எல்லாம் சரி, ஆனா நாங்க எதுவுமே இதுவரை செய்யல. ரெண்டு நாள்ல புயல்னு எச்சரிக்கை வந்துட்டா எதை முதல்ல செய்யறது?
– பல வாசகர்கள்

பதில்: முதல் நாள் வெளிய, ரெண்டாவது நாள் உள்ள. வெளியன்னா மாடியில இருக்கிற பறக்கற சாமான் எல்லாம் இறக்கறது, வடிகால் வாய் சுத்தம், ஜன்னல் அடைக்கிறது, ஷட்டர் போஸ்ட் மாட்டறது, கழிச்சுப் போட்ட மரக்கிளையை அங்கயே விடாம அப்புறப்படுத்தறது. காத்து பலமாக ஆரம்பிச்சதுக்கப்புறம் யாரையும் மாடிக்கோ ஏணிக்கோ அனுப்பக் கூடாது, செய்யாம விட்டது விட்டதாவே இருக்கட்டும்.

உள்ளன்னா தரையில இருக்கிற சரக்கை ரேக் மேல ஏத்தறது, கம்ப்யூட்டர், யூபிஎஸ், சர்வர் எல்லாம் ஜன்னலை விட்டுத் தள்ளி உயரத்துல வைக்கிறது, கணக்கு வழக்கு டேட்டாவை வேற ஊர்ல இருக்கிற இடத்துக்கோ கிளவுடுக்கோ காப்பி எடுக்கிறது, ஜெனரேட்டரை லோடு போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறது. வெறுமனே ஸ்டார்ட் பண்ணிட்டு ஆஃப் பண்றது சோதனை ஆகாது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அறையையும் கட்டடத்தோட நாலு பக்கத்தையும் போன்ல வீடியோ எடுத்துடுங்க. கடைசியா கேஸ் வால்வு, அவசியமில்லாத மெயின் ஸ்விட்ச் ஆஃப்.

கேள்வி: புயல் ராத்திரி கட்டடத்துக்குள்ள ரெண்டு கார்டு இருக்கணும்னு ஓனர் சொல்றார். பசங்க பயப்படறாங்க, நான் என்ன சொல்றது?
– செக்யூரிட்டி சூப்பர்வைசர்

பதில்: இந்தக் கடிதத்தைப் படிச்சதுல இருந்து மனசு சரியில்ல, அதனால நேரா ஓனருக்கே சொல்றேன். மணிக்கு 150 கி.மீ. காத்து அடிக்கிற ராத்திரி திருடன் வர மாட்டான். அந்த ரெண்டு பேரால பறக்கிற கூரையைப் பிடிக்கவும் முடியாது, ஏறி வர்ற தண்ணியை நிறுத்தவும் முடியாது. அவங்க அங்க இருந்து எதையும் காப்பாத்தப் போறதில்ல, அவங்க உயிர் மட்டும்தான் அங்க பணயமா இருக்கு. அனுப்பிடுங்க, அந்த நாள் சம்பளத்தையும் பிடிக்காதீங்க. கடல் நீர் ஏறும்னு வெளியேறச் சொன்ன பகுதின்னா இதுல பேச்சுக்கே இடமில்ல.

மருத்துவமனை, டேட்டா சென்டர் மாதிரி ஆள் இல்லாம ஓடவே முடியாத இடம்னா, வெள்ள மட்டத்துக்கு மேல, ஜன்னல் இல்லாத, கான்கிரீட் சுவரும் கான்கிரீட் மேல்தளமும் இருக்கிற ஒரு உள் அறையை முன்கூட்டியே இன்ஜினியரை வெச்சு முடிவு பண்ணி, தண்ணி, சாப்பாடு, டார்ச், ரேடியோ, முதலுதவிப் பெட்டி, வெளிய ஒருத்தரோட பேசற நேரம் எல்லாம் ஏற்பாடு செஞ்சிருக்கணும். எந்த நேரத்துல வேலையை விட்டுட்டு அந்த அறைக்குப் போயிடணும்னு எழுதியே கொடுத்திருக்கணும், அந்த ராத்திரி அவங்க யார்கிட்டயும் அனுமதி கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது.

புயலோட கண் கட்டடத்துக்கு மேல போனா காத்து திடீர்னு நின்னு அமைதியாகும், முடிஞ்சுதுன்னு நினைச்சு வெளிய வந்து சேதத்தைப் பார்க்கப் போன நேரத்துல எதிர்ப்பக்கத்துல இருந்து அதே பலத்தோட திரும்ப அடிக்கும். அதிகாரபூர்வமா முடிஞ்சதுன்னு அறிவிப்பு வர்ற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு உங்க பசங்களுக்கு அழுத்தமா சொல்லி வைங்க.

கேள்வி: இன்சூரன்ஸ் இருக்கே, பிறகு என்ன கவலை?
– ஒரு வாசகர்

பதில்: பாலிசியில காத்தும் வெள்ளமும் ஒண்ணா தனித்தனியா, வியாபாரம் நின்ன நாள் நஷ்டத்துக்கு கவர் இருக்கா, நீங்க கட்டட பராமரிப்பு செஞ்சிருக்கணும்னு நிபந்தனை இருக்கா, இந்த மூணையும் பாருங்க. புயல் கிளம்பினதுக்கப்புறம் புதுசா பாலிசி கேட்டா பெரும்பாலும் தர மாட்டாங்க.

கேள்வி: புயல் முடிஞ்சு கடையைத் திறக்கப் போறோம். நேரா மெயினைப் போட்டு மோட்டார் விட்டு தண்ணி இறைச்சிடலாமா?
– ஒரு கடை ஊழியர்

பதில்: மெயினைத் தொடாதீங்க. தண்ணியில நின்னுக்கிட்டு ஸ்விட்ச் போடறது உயிரை விடற வேலை. முழுகின பிரேக்கர், ஸ்விட்ச் காஞ்சு போய் நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் மாத்தியே ஆகணும், உள்ள சேறும் உப்பும் இருக்கும், ஷார்ட் ஆகற நேரத்துல டிரிப் ஆகாது. எலெக்ட்ரீஷியன் பார்த்து சரின்னு சொன்னாத்தான் கரன்ட்.

சின்ன ஜெனரேட்டர் வெச்சு ஓட்டினா கட்டடத்துக்கு வெளிய, ஜன்னல் கதவை விட்டு குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி வைங்க. மழை பெய்யுதேன்னு ஷட்டருக்குள்ளயோ பேஸ்மென்ட்லயோ வைக்கவே கூடாது, அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, தலை சுத்தி உட்கார்றதுக்குள்ள ஆள் போயிடுவாங்க, புயலுக்குத் தப்பிச்சு இதுல இறந்தவங்க ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பின்னாடியும் இருக்காங்க. ஜெனரேட்டர் வயரை சாக்கெட்ல செருகி கட்டடத்துக்கு கரன்ட் கொடுக்காதீங்க, அது திரும்பி லைனுக்குப் போய் கம்பத்துல வேலை செய்யற லைன்மேனைக் கொன்னுடும், லைனைத் துண்டிச்சிட்டு ஜெனரேட்டருக்கு மாத்தற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வழியா மட்டும்தான் கொடுக்கணும்.

பேஸ்மென்ட் நிறைய தண்ணி இருந்தா ஒரே நாள்ல இறைச்சுக் காலி பண்ணாதீங்க, வெளிய மண்ணு இன்னும் தண்ணியில ஊறியிருக்கும்போது உள்ள காலியானா அந்த அழுத்தத்துல சுவரே உள்ள சாயலாம். வெளிய மட்டம் இறங்க இறங்க கொஞ்சம் கொஞ்சமா இறைங்க. ஆனா நனைஞ்ச சரக்கு, கார்பெட், ஜிப்சம் பலகை இதையெல்லாம் தள்ளிப் போடாதீங்க, 24-ல இருந்து 48 மணி நேரத்துல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும். போட்டோ எடுத்துட்டு உடனே வெளிய போடுங்க, கிளெய்முக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வெட்டி கவர்ல போட்டு எழுதி வெச்சுக்கோங்க.